கொடைக்கானல் பாதரசம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கே: சுற்றுச்சூழல் அமைப்புகள் கத்தினால் பெரிய கம்பெனி மாறிவிடுமா சார்?

கத்தினால் மாறாது, கையும் களவுமாக மாட்டினால் மாறும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 80களில் அமெரிக்காவிலிருந்து மலைக்கு வந்தது. 1987-ல், அதை நடத்திய பாண்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து யூனிலீவர் கைக்குப் போனது. 2001 மார்ச் 7 அன்று பழனி மலைப் பாதுகாப்பு மன்றம், உலகச் சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ், ஊர்க்காரர்கள் எல்லோரும் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியின் காயலான் கடைக்கே போய் நின்றார்கள். கிழிந்த சாக்குகள், உள்ளே ஆலையிலிருந்து வந்த, பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் டன் கணக்கில், பக்கத்திலேயே பள்ளிக்கூடம். அறிக்கை விட்டு மறுக்க முடியாத காட்சி. ஆலை மூடியது, அப்புறம் திறக்கவே இல்லை. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. ஆலை எங்கிருந்து வந்ததோ அங்கேயே!

கே: இந்த ஆலையைப் பற்றி 2015-ல் வந்த ராப் பாட்டால்தானே ஆலைத் தொழிலாளர்களுக்குப் பணம் கிடைத்தது?

பாட்டு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது, மறுக்கவில்லை. ஆனால் பாதரசத்தால் உடல்நலம் கெட்டதென்று முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது 2006-ல். பாட்டு வருவதற்கு முன்பே ஒன்பது வருடம் வாய்தா வாய்தாவாக நடந்தவர்கள் இல்லையென்றால், 2016 மார்ச்சில் 591 பேருக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஆளே இருந்திருக்காது. அப்போதும் உடல்நலக் கேட்டுக்கு ஆலைதான் காரணம் என்று கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை.

கே: கிரீன்பீஸே பொய் சொன்ன அமைப்புதானே? பிரென்ட் ஸ்பார் மறந்துவிட்டதா?

வந்துவிட்டீர்களா! மறக்கவில்லை. 1995-ல் ஷெல் எண்ணெய்க் கம்பெனி, வடகடலில் இருந்த பிரென்ட் ஸ்பார் என்ற தன் எண்ணெய்த் தொட்டியை அட்லாண்டிக் ஆழ்கடலில் மூழ்கடிக்கப் பார்த்தது. ஜெர்மனியில் ஜனங்கள் ஷெல் பங்க் பக்கமே போகவில்லை, ஜூனில் ஷெல் பின்வாங்கியது. உள்ளே 5,500 டன் எண்ணெய் என்று கிரீன்பீஸ் சொன்ன கணக்கு தப்பு. செப்டம்பரில் அவர்களே மன்னிப்புக் கேட்டார்கள். பொய் வேறு, தப்புக் கணக்கு வேறு. ஆனாலும் முப்பது வருடம் கழித்து நீங்கள் அதையே எடுத்து வீசுகிறீர்கள் பாருங்கள், அதனால்தான் வாய் வலிக்கச் சொல்கிறேன்: அளக்காத கணக்கை எழுதாதீர்கள்.

கே: அப்படியென்றால் கொடைக்கானல் கணக்கும் பொய்யாக இருக்கலாமே?

சாக்கு கண்ணெதிரே இருந்தது ஐயா. தங்கள் நடைமுறையை மீறித்தான் அந்தக் கண்ணாடி விற்கப்பட்டது என்று கம்பெனியே சொல்லிவிட்டது. இத்தோடு இந்தச் சண்டையை விடுகிறேன்.

கே: இந்தக் கம்பெனிப் பங்கை வாங்கலாமா?

புரோக்கரைக் கேளுங்கள்.

கே: எங்கள் ஊர் ஓடையில் சாயக்கழிவு வருகிறது அண்ணா, என்ன செய்ய?

முதலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்தில் புகார், ஒப்புகைச் சீட்டோடு. படம் எடுக்கும்போது தேதி, இடம் இரண்டையும் குறித்துவையுங்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பொதுவாக 6 மாதத்துக்குள் போக வேண்டும், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். வாட்ஸ்அப் கையெழுத்து வேட்டையில் அந்த ஆறு மாதத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

கே: சார், அந்த ராப் பாட்டு வந்ததால்தானே...

மேலே பாருங்கள்.