முத்திரையில் ஓர் ஆண்டு, பட்டயத்தில் வேறோர் ஆண்டு: எது சரி?

கத்தோலிக்கத் துறவியர் தொடங்கிய உங்கள் கல்லூரியின் நூற்றாண்டு மலரில் எந்த ஆண்டைத் தொடக்க ஆண்டாகப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளையும் அச்சிடுங்கள். இரண்டும் சரியாகவே இருக்கக்கூடும். கல்லூரி முத்திரையில் உள்ள ஆண்டைவிட அரசுப் பட்டயத்தின் ஆண்டு பிந்தியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். துறவியர் வந்து கல்விப்பணியைத் தொடங்கிய ஆண்டை முத்திரையும், சட்டப்படி ஏற்பு கிடைத்த ஆண்டைப் பட்டயமும் குறிப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். அமெரிக்காவின் நோத்ர தாம் பல்கலைக்கழகத்தைத் திருச்சிலுவைச் சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையின் எட்வர்ட் சோரின் 1842-இல் தொடங்கினார். இந்தியானா மாநிலத்தின் பட்டயம் 1844-இல்தான் கிடைத்தது.

உறுதிப்படுத்திக்கொள்ள, துறவியர் இல்லத்தின் நாட்குறிப்பேட்டைக் கேட்டுப் பாருங்கள். யார் வந்தார், யார் மாற்றலாகிப் போனார், யார் நோயுற்றார், தியான நாட்களில் அருளுரை ஆற்றியவர் யார், பாதுகாவலரான புனிதரின் திருநாளில் மாணவருக்கு விடுமுறை விடப்பட்டதா என்பதெல்லாம் அதில் ஓரிரு வரிகளில் பதிவாகியிருக்கும். முதல் மாணவர்கள் வந்த நாளைச் சொல்லும் வரிதான் உங்களுக்கு வேண்டிய சான்று. சிறிய கல்லூரியில் வகுப்பெடுத்தவரே விடுதியையும் கோயில் பாடகர் குழுவையும் கவனித்திருப்பார் என்பதால், வளாக வாழ்க்கையை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் ஏடு வேறு கிடைப்பது அரிது. ஏடு கல்லூரியில் இல்லையெனில் அந்தத் துறவியரின் சபையின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள்.

ஆனால் ஒன்று: அந்த ஏட்டை எழுதியவர் இல்லத் தலைவரோ அவர் பணித்த துறவியோதான். சமையற்காரர்கள், தோட்டக்காரர்கள், பிற சமய மாணவர்கள் அதில் அரிதாகவே தலைகாட்டுவார்கள். அவர்களைப் பற்றி முன்னாள் மாணவர்களிடம் நேரில் கேட்டுத்தான் எழுத முடியும். நோய், ஒழுங்கு நடவடிக்கை பற்றிய குறிப்புகளைச் சபையின் அனுமதியின்றி அச்சிட வேண்டாம்.