தபாலில் பிலிம் கழுவிய கம்பெனிகளின் பழைய விளம்பரக் கவர்கள் சேகரிக்கத் தகுந்தவையா?

தகுந்தவைதான். ஆனால் பின்னால் நல்ல விலைக்குப் போகும் என்று நினைத்து வாங்காதீர்கள். நான் பிரிட்டன் கவர்களை மட்டுமே சேர்க்கிறேன், அதனால் அவற்றைப் பற்றியே சொல்கிறேன்.

கையில் கிடைப்பவை பெரும்பாலும் எழுதாத கவர்கள்தான். பத்திரிகைக்குள் செருகி வந்த கவரில் ரோலைப் போட்டு அனுப்பினால், அது லேபுக்குப் போய் வேலை முடிந்ததும் குப்பைக்குப் போய்விடும். அனுப்பாமல் மேஜை டிராயரில் கிடந்தவைதான் தப்பின.

முன்பக்கம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: கடற்கரை, சிரிக்கும் குழந்தை, பிலிம் இலவசம். விஷயம் பின்பக்கத்தில் இருக்கிறது. பிலிம் அளவுக்கு டிக் அடிக்கும் கட்டங்கள், விலைப் பட்டியல், காசோலையோ போஸ்டல் ஆர்டரோ வைக்கச் சொல்லும் குறிப்பு, அப்புறம் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: பிலிம் தொலைந்தால் பதிலுக்குப் புது பிலிம் மட்டும். உள்ளே இருந்தது கல்யாணப் படமாக இருந்தாலும் அவ்வளவுதான்!

காலத்தைக் கணிக்கவும் அந்தப் பக்கம்தான் உதவும். விலை பழைய நாணயமான ஷில்லிங்கில் இருந்தால், பிரிட்டன் அதைக் கைவிட்ட 1971 பிப்ரவரிக்கு முந்தையது. சின்ன பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து வந்த 126 கேட்ரிட்ஜ் பிலிம் 1963-இல் வந்தது, அதைவிடச் சிறிய 110 வந்தது 1972-இல். வட்டத் தட்டு போன்ற டிஸ்க் பிலிமுக்குக் கட்டம் இருந்தால் 1982-க்கு முன் அச்சாகியிருக்க முடியாது.

லேபில் கவரிலும் ரோலிலும் ஒரே எண் ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். பல பேருடைய ரோல்களை முனையோடு முனை ஒட்டி, ஒரே நீளமாகக் கழுவி, பிரிண்ட் போட்டு, பிறகு வெட்டி எண் பார்த்துக் கவரில் சேர்ப்பார்கள். கோடை விடுமுறை முடிந்தால் மூட்டை மூட்டையாகக் கவர் வந்து குவியும்.

லண்டன் வில்ஸ்டனில் இருந்த க்ரன்விக் லேபில் அப்படிப்பட்ட ஒரு கோடையில், 1976 ஆகஸ்ட் 20 அன்று, கட்டாய ஓவர்டைமும் மேலாளர்களின் கெடுபிடியும் பொறுக்காமல் ஜெயாபென் தேசாய் வெளியேறினார். அவர் தபால் ஆர்டர் பிரிவில் வேலை பார்த்தவர். அது வேலைநிறுத்தமாக வளர்ந்தது. அவருடன் நின்றவர்களில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திப் பெண்கள் நிறையப் பேர். சேலை கட்டிக்கொண்டே மறியல் செய்தார்கள். அடுத்த ஆண்டு அவர்களுக்கு ஆதரவாகப் பக்கத்து கிரிக்கிள்வுட் தபால் ஊழியர்கள் க்ரன்விக் தபாலைத் தொட மாட்டோம் என்றார்கள். பிலிமும் பணமும் ஒரே கவரில் வந்து, படமும் தபாலிலேயே திரும்பிப் போகிற வியாபாரத்துக்கு அது குரல்வளைப் பிடி. 1977 ஜூலையில் நிர்வாகத்துக்கு ஆதரவான ஓர் அமைப்பு கழுவிய படங்களை ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றி, ஸ்டாம்ப் ஒட்டி, பல ஊர்த் தபால் பெட்டிகளில் போட்டது. போராட்டம் 1978 ஜூலையில் தோல்வியில் முடிந்தது. போராடி வேலை இழந்தவர்களைத் திரும்பச் சேர்க்கவே இல்லை.

சந்தையில் தேடும்போது க்ரன்விக் என்று தேடாதீர்கள். அவர்கள் போனஸ்பூல், ட்ரூகலர் போன்ற பெயர்களில்தான் வியாபாரம் செய்தார்கள். என் சேகரிப்பில் எந்தக் கடற்கரைப் படத்தையும்விட இவற்றுக்கே முதல் இடம்.

வாங்கினால் மூடி மடிப்பில் உள்ள பசைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். ஈரக்காற்று பட்டால் தானாக ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் கிழியும்.