வாசகர் கேள்வி பதில்: பிரம்பு வாள் ஏந்திய பக்கத்து வீட்டுக்காரர்

இந்த இதழின் கேள்விகள் அனைத்தும் பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஒரு கடிதத்தையும், அதையொட்டி அலுவலகத்தில் சேர்ந்த வேறு சில கடிதங்களையும் சார்ந்தவை. முதல் கடிதத்தைச் சற்றுச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஓய்வு பெற்ற பின் நானும் என் மனைவியும் பிட்ஸ்பர்க்கில் மகன் வீட்டில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர், மின்பணி செய்து ஓய்வு பெற்றவர், அண்மையில் காலமானார். நினைவுக் கூட்டத்துக்கு நீண்ட அங்கிகளும் இடைக்கச்சைகளும் அணிந்த பலர் வந்தார்கள். நாங்கள் ஒருநாளும் கேட்டறியாத வேறொரு பெயரால் அவரை அழைத்தார்கள். தலையில் முடி சூடியிருந்த ஓர் இளைஞர் அவருடைய மனைவியின் முன் மண்டியிட்டுப் பேசினார். துக்க வீட்டில் நாடகம் போடுவதாக எனக்குப் பட்டது. இப்போது அந்த அம்மையார், அவர்களுடைய அடுத்த முகாமில் நடக்கும் நினைவேந்தலில் நானும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்கிறார். என்ன உடுத்துவது? என்ன பேசுவது? போகத்தான் வேண்டுமா?
– வாசகர், பிட்ஸ்பர்க்

பதில்: போக வேண்டும் ஐயா. அந்த அம்மையாரே அழைத்திருக்கும்போது அதில் இரண்டாவது யோசனைக்கு இடமில்லை.

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் அவர் எஸ்.சி.ஏ. என்று சுருக்கி அழைக்கப்படும் ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரானிசம்’ என்ற, இடைக்கால ஐரோப்பிய வாழ்க்கையை உடையிலும் போரிலும் சபையிலும் திரும்ப வாழ்ந்து பார்க்கும் அமைப்பைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். 1966 மே 1 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், பின்னாளில் நாவலாசிரியராக அறியப்பட்ட டயானா பேக்ஸனின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நண்பர்கள் கூடிப் போலிப் போர்ப்பந்தயம் ஒன்றை நடத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டை எதிர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு டெலிகிராஃப் அவென்யூ வழியாக ஊர்வலமும் போனார்கள். அன்றைய வேடிக்கை இன்று பல நாடுகளில் கிளை பரப்பி, தன்னை இருபது ‘அரசுகளாக’ப் பிரித்துக்கொண்டு, அந்த மே மாதத்தையே முதலாகக் கொண்டு ஆண்டும் எண்ணுகிறது. உங்கள் மகன் வீடு இருக்கும் பகுதி ஏதெல்மார்க் என்ற அரசில் சேர்ந்தது. பிட்ஸ்பர்க்குக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘உரிமைத் தகராறிலுள்ள நிலம்’ என்ற பொருள்படும். அந்த ஊரிலிருந்து வடக்கே, ஸ்லிப்பரி ராக் அருகில், 1972இலிருந்து நடந்துவரும் பென்சிக் என்னும் பெரும் முகாமில் பத்தாயிரம் பேர் அளவுக்குக் கூடுவார்கள். அங்கே இரண்டு அரசுகள் மோதுகின்றன, தோற்றவர் தலையில்தான் பிட்ஸ்பர்க் கட்டப்படும் என்பது அவர்களிடையே பழைய கேலி. ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை என்று நம்புகிறேன்.

அந்த இளைஞரின் மணிமுடி பிறப்பால் வந்ததல்ல. போட்டியில் வென்றவரே அரசர்; பெரும்பாலான இடங்களில் ஆறு மாதத்தில் அவர் இறங்கிவிட, அடுத்தவர் ஏறுவார். நேற்று வந்த அந்த அரசர், பல ஆண்டுகள் உழைத்துவிட்டுப் போன ஒருவரின் மனைவி முன் மண்டியிட்டார் என்றால், இங்கே யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை அந்தச் சபையே அறிந்திருக்கிறது என்று பொருள். அதை நாடகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டால் பேச்சுக்கு உதவும். இவர்களுடைய கவசப் போரில் வாள் என்பது பிரம்பு. குறைந்தது ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள பிரம்பின் மேல் ஒட்டுநாடாவைச் சுற்றியிருப்பார்கள். தலைக்கவசமும் பிற காப்புகளும் உண்மையானவை, அடியும் உண்மையானது. ஆனால் விழுந்த அடி வெட்டாக எண்ணத் தக்கதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்பவர் நடுவர் அல்லர், அடி வாங்கியவரே. காலில் பட்டது என்று அவரே ஒப்புக்கொண்டு முழங்காலில் நின்று தொடர்வார். கையில் பட்டால் அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். தலையில் பட்டது போதிய வேகமுள்ளது என்றால் தானே கீழே விழுந்து தோல்வியை அறிவிப்பார். வேகம் போதவில்லை என்று சொல்லி நின்றுகொள்வதும் அவர் கையில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு மனிதர் எப்படிப்பட்டவர் என்று அந்தக் களத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோகும். மறைந்தவரைப் பற்றி அவர்கள் சொல்லும் மிக உயர்ந்த சொல், எத்தனை முறை வென்றார் என்பதல்ல, விழ வேண்டிய அடிக்குத் தயங்காமல் விழுந்தார் என்பதுதான். அங்கே யாராவது அப்படிச் சொன்னால், உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர்கள் கொடுக்கக்கூடியவற்றில் பெரியது அதுவே என்று அறிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் வாளைப் பற்றியோ அரசர்களைப் பற்றியோ பேச வேண்டியதில்லை. அவர்கள் அறியாத பாதியை நீங்கள் அறிவீர்கள். பனி கொட்டிய காலையில் உங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டாரா, கருகிய மின்கம்பியைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தாரா, உங்கள் மனைவி கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாரா, நடந்தது எதுவோ அதைச் சொல்லுங்கள். சாதாரணப் பெயரால் அவரைக் குறிப்பிடுவதிலும் தவறில்லை.

உடையைப் பற்றி. முகாமுக்கு வருகிறவர்கள் 1600க்கு முற்பட்ட காலத்தை ஒட்டிய ஓர் உடையை அணிய முயல வேண்டும் என்பது விதி. முயற்சி போதும், ஆராய்ச்சி வேண்டாம். புதியவர்களுக்கு இரவல் கொடுப்பதற்கென்றே பெரும்பாலான கிளைகளில் துணிகளும் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளரும் உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள உடைகளோடு வருகிறவர்களும் இருப்பதால், கரை வேட்டியும் அங்கவஸ்திரமும் யாருக்கும் உறுத்தாது. இரண்டை மட்டும் தவிருங்கள்: வெறும் வெள்ளை இடைக்கச்சை, தொங்கல் இல்லாத வெற்றுத் தங்கச் சங்கிலி. இரண்டும் அங்கே வீரப்பட்டம் பெற்றவர்களின் அடையாளம். நம்மவர் கழுத்தில் அந்த மாதிரிச் சங்கிலிதான் கிடக்கும் என்பதால் சட்டைக்குள் விட்டுக்கொண்டு போவது நல்லது.

கேள்வி: முன்னொரு பதிலில், அறிவியல் புனைகதை எழுத்தாளர் போல் ஆண்டர்சனும் இப்படி வாள் பிடித்தவர் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அவரை அந்தக் கூட்டத்தார் எப்படி நினைக்கிறார்கள்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒரு வரியில் அடங்கும் மனிதர் அல்லர் என்பது உண்மைதான். 1926இல் பென்சில்வேனியாவின் பிரிஸ்டலில் டேனிஷ் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை இறந்த பின் தாய் பிள்ளைகளோடு டென்மார்க் சென்று, உலகப் போர் மூண்டபோது திரும்பி வந்து மினசோட்டாவில் பண்ணையில் குடியேறினார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம் பெற்ற ஆண்டர்சன் ஏழு ஹியூகோ விருதுகளையும் மூன்று நெபுலா விருதுகளையும் வாங்கினார். 2001 ஜூலை 31 அன்று கலிஃபோர்னியாவின் ஒரிண்டாவில் மறைந்தார். இலக்கிய உலகம் எழுதிய குறிப்புகள் பெரும்பாலும் இத்தோடு சரி.

எஸ்.சி.ஏ.வினருக்கு அவர் கிழக்கெல்லையின் சர் பேலா. தொடக்க காலத்திலேயே சேர்ந்து, வீரப்பட்டம் பெற்று, பிரம்பு வாளோடு களத்தில் இறங்கியவர். அவருடைய மனைவி கேரனும் அதே காலத்து உறுப்பினர். விண்வெளிக் கப்பல்களைப் பற்றி எழுதியவருக்கு இது ஏன் என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்த அமைப்பு பிறப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1345இல் ஒரு ஆங்கிலேயக் கிராமத்தில் இறங்கிய வேற்றுக் கிரகக் கப்பலை அவ்வூர் வீரர்களே கைப்பற்றிவிடும் கதையை அவர் எழுதியிருந்தார். இரண்டு ஆசைகளும் அவருக்குள் ஒரே வீட்டில்தான் குடியிருந்தன.

நான் அவரிடம் மிகவும் ரசிப்பது வேறொன்று. சாகசக் கதை எழுதுவோரைக் கண்டித்து 1970களில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தொடக்கத்தில் ஒரு காட்டு வீரன் ஐம்பது பவுண்டு வாளால் மந்திரவாதியின் தலையைச் சீவுகிறான். அப்படி எழுதுகிறவர்களுக்கு வாளின் எடையும் தெரியாது, குதிரையின் களைப்பும் தெரியாது என்று பிடிபிடியென்று பிடிக்கிறார். ஒரு கையால் வீசும் வாள் ஒன்று, ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போவது அரிது. கவசத்துக்குள் வெந்து, மூச்சு வாங்கி நின்ற ஒருவர் சொல்லும்போது அந்தக் கண்டிப்புக்கு ஒரு தகுதி வந்துவிடுகிறது. அவரை முழுதாக நினைக்க வேண்டுமானால் ஹியூகோ விருதுகளையும் பிரம்பையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: இறந்தவருடைய பட்டமும் கேடயச் சின்னமும் கவசமும் பிறகு என்னவாகும்? மகனுக்குப் போகுமா?
– வாசகி, மதுரை

பதில்: பட்டம் போகாது. வீரப்பட்டமோ, கலைகளுக்கான லாரல் பட்டமோ, தொண்டுக்கான பெலிக்கன் பட்டமோ அவரவர் ஈட்டியது. அரசர் பதவியைப் போலவே இதற்கும் வாரிசுரிமை கிடையாது.

பெயரும் கேடயச் சின்னமும் வேறு கதை. ஒவ்வொருவரும் தேர்ந்துகொண்ட பெயரையும் சின்னத்தையும் அமைப்பின் கட்டியக்காரர் குழு பரிசீலித்து, ஏற்கெனவே உள்ள ஒன்றோடு குழம்பாதபடி பார்த்துப் பதிவுசெய்கிறது. பதிவு இறப்போடு அழிந்துவிடுவதில்லை. பின்னாளில் யாராவது மிக நெருங்கிய சின்னம் ஒன்றைக் கேட்டால் அனுமதி கொடுப்பவர் யார் என்று உறுப்பினர் உயிரோடு இருக்கும்போதே உயில் போல எழுதிக் கொடுத்துவிடலாம். அதற்கென்று படிவமே இருக்கிறது. விளையாட்டு என்று நினைப்பவர்கள் இந்தப் படிவத்தைப் பார்க்க வேண்டும்.

சங்கிலி, இடைக்கச்சை, குதிமுள் ஆகியவை பலமுறை கைமாறும். புதிதாகப் பட்டம் பெறுபவருக்கு அவற்றை அணிவிக்கும்போது, இது முன்பு யாருடையது, அவருக்கு யார் கொடுத்தது என்று சபையறியச் சொல்வார்கள். கவசத்தைப் பொறுத்தவரை அளவு பொருந்த வேண்டும் என்பதால், பெரும்பாலும் கைக்காப்பும் முழங்கால் காப்பும்தான் இளையவர்களுக்குப் பயன்படும். மனைவி பிள்ளைகளிடம் கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை.

கேள்வி: இது ஒரு மதமா? சுடரேற்றுகிறார்கள், படகை எரிக்கிறார்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டேன்.
– வாசகர், சேலம்

பதில்: மதம் இல்லை. உறுப்பினர்களில் எல்லா மதத்தாரும், எதுவும் இல்லாதவர்களும் உண்டு. அமைப்பு தன் பெயரால் வழிபாடு நடத்துவதில்லை. நினைவுச் சடங்குகளின் வடிவத்தை மட்டும் தாங்கள் படித்த காலத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்: சபையில் கட்டியக்காரர் மறைந்தவர்களின் பெயர்களை வாசிப்பது, அவருடைய கேடயத்தை ஓர் இருக்கையில் சாய்த்து வைப்பது, பெயர்கள் எழுதிய சிறு மரப் படகை நீரில் விட்டு எரிப்பது. இவற்றில் எதையும் நம்ப வேண்டியதில்லை, நின்றால் போதும்.

கேள்வி: அட்லாண்டாவில் இருக்கும் என் மகள் இப்படி ஒரு குழுவில் சேர்ந்து ஆறாண்டு ஆகிறது. அவளுக்குத் தையல் கற்றுக்கொடுத்த அம்மையார் மறைந்துவிட்டார். பாட்டு எழுதி வாசிக்கப் போகிறேன் என்கிறாள், நான்கு வரிக்கு மேல் ஓடவில்லையாம். என்ன சொல்வது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நான்கு வரி ஓடியிருக்கிறதே, அதுவே பெரிது அம்மா. கையறுநிலை பாடிய நம் புலவர்களுக்கும் இது எளிதாக வந்திருக்காது.

பத்தாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் வாழ்ந்த எகில் என்ற கவிஞனின் கதையை மகளுக்குச் சொல்லுங்கள். அந்தக் குழுவில் பலருக்கு அது தெரிந்திருக்கும். கடலில் மூழ்கி இறந்த மகனைப் புதைத்துவிட்டு வந்த எகில், படுக்கையறையைத் தாழிட்டுக்கொண்டு பட்டினி கிடந்து சாகத் துணிந்தான். மகள் தோர்கெர்டை அழைத்தார்கள். நானும் உங்களோடு சாகிறேன் என்று சொல்லி உள்ளே வந்தவள், வாயில் எதையோ மென்றாள். என்ன அது என்றான். கடற்பாசி, தின்றால் சாவு விரைவில் வரும் என்றாள். அவனும் தின்றான். உப்புக் கரித்துத் தாகம் எடுக்க, தண்ணீர் என்று கொடுத்த கொம்பை வாங்கிக் குடித்தால் அது பால்! ஏமாந்துவிட்டோம் அப்பா, இனி நம் திட்டம் நடக்காது. ஆகவே தம்பிக்காக ஒரு பாட்டுக் கட்டுங்கள், நான் அதைக் கோலில் செதுக்குகிறேன், பிறகு வேண்டுமானால் சாகலாம் என்றாள். பாட்டு, நாவை அசைப்பதே கடினமாக இருக்கிறது என்றுதான் தொடங்குகிறது. பாடப் பாட அவனுக்குத் தெம்பு வந்தது. முடித்ததும் எழுந்துபோய்த் தன் இருக்கையில் அமர்ந்தான்.

உங்கள் மகளும், வரவில்லை என்பதையே முதல் வரியாக எழுதலாம். அடுத்து, அந்த அம்மையார் ஊசி பிடித்த விதம், பிரித்துத் தைக்கச் சொன்ன சட்டை, திட்டிய திட்டு. ‘அன்பின் திருவுருவம்’ என்பது போன்ற சொற்கள் எந்த மரணத்துக்கும் பொருந்தும், ஆகவே இந்த மரணத்துக்குப் பொருந்தாது.

கேள்வி: நினைவேந்தலில் எடுக்கும் படங்களை, இயற்பெயரையும் அந்தப் பெயரையும் சேர்த்துப் போட்டுப் பகிரலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: குடும்பத்தாரிடம் கேட்ட பிறகு. இப்படியொரு வாழ்க்கை உண்டு என்று அலுவலகத்திலோ உறவினரிடமோ சொல்லிக்கொள்ளாமலே இருந்துவிட்டவர்களும் உண்டு. அந்த முடிவை அவருக்குப் பின் மாற்றும் உரிமை படம் எடுத்தவருக்கு இல்லை. சம்மதம் கிடைத்தால் இரண்டு பெயர்களையும் போடுங்கள். எழுத்துகளை மட்டும் யாராவது பழைய உறுப்பினரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பதிவேட்டில் இருப்பதுபோல் இல்லாவிட்டால் திருத்தம் சொல்லி இருபது பேராவது எழுதுவார்கள்.