புதரில் கிடைத்த ஆமையைக் கடலில் விடலாமா?

கேள்வி: மண்டபம் அருகே வேதாளையில் குடியிருக்கிறோம். நேற்று மாலை என் மகன் கருவேலம் புதருக்குள்ளிருந்து ஓர் ஆமையைத் தூக்கி வந்தான். ஓடு மேடாக, கறுப்பில் மஞ்சள் கோடுகளோடு இருக்கிறது. தொட்டித் தண்ணீரில் போட்டிருக்கிறோம். சோறு வைத்தால் தின்னவில்லை. வளர்க்கலாமா, கடலில் விட்டுவிடலாமா?

பதில்: முதலில் அதைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் சொல்வது நட்சத்திர ஆமை. அதன் காலைப் பாருங்கள். கடலாமைக்குத் துடுப்பும், கண்மாய் ஆமைக்கு விரலிடைச் சவ்வும் இருக்கும். இதற்கோ, யானையின் காலைச் சிறிதாக வார்த்து வைத்தாற்போல் செதில் மூடிய தூண்களே இருக்கும். வறண்ட புதர்க்காட்டில் நடந்து மேய்வதற்கான கால்கள் அவை. ஆமை என்றாலே தண்ணீர் என்று எண்ணி நல்ல மனத்தோடு இதைக் கடலில் விடுவது, அதை மூழ்கடித்துக் கொல்வதாகவே முடியும்.

காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் உலர்ந்த சாக்கை விரித்து, நிழலில் வையுங்கள். குடிப்பதற்கு ஒரு தட்டில், அதன் தாடை நனையும் அளவுக்குத் தண்ணீர் போதும். சோறு, பால், ரொட்டி எதுவும் வேண்டாம். ஒருநாள் உண்ணாவிட்டாலும் பாதகமில்லை, வேண்டுமானால் மருந்தடிக்காத புல்லை வைக்கலாம். மூக்கில் சளி நுரைத்துக் குமிழியிட்டாலோ, கழுத்தை நீட்டி வாயால் மூச்சு வாங்கினாலோ ஈரத்தால் நுரையீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். அதை வனத்துறையினரிடம் மறவாமல் சொல்லுங்கள். ஆமையின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், தொட்ட பிறகு மகன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

வளர்க்க முடியாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இந்த இனம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது; கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு இன்னும் நேரமிருக்கிறது. இன்றே மண்டபம் வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்து, கிடைத்த இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். அந்த இடம் முக்கியமானது, ஏனெனில் இலங்கை வழியாக வெளிநாட்டுச் சந்தைக்குக் கடத்த இந்தக் கடற்கரைக்குக் கொண்டுவரப்படும் ஆமைகளில் ஒன்றாகவும் இது இருக்கலாம். பன்னாட்டு வணிகத்துக்கு 2019இல் தடை வந்த பிறகும் செல்லப்பிராணி ஆசை இந்தக் கடத்தலை விடாமல் நடத்துவது வேதனையாக இருக்கிறது. எந்த ஊர் ஆமை என்று தெரியாமல் நாமே புதரில் விட்டால், அதன் நோய் அங்குள்ள ஆமைகளுக்குப் பரவக்கூடும்.

மகன் ஏங்கினால், கடையில் விற்கும் சிவப்புக் காது ஆமையை மாற்றாக வாங்கிவிடாதீர்கள். அமெரிக்காவைச் சேர்ந்த அந்த ஆமை, கையகலக் குஞ்சாக வந்தாலும் சாப்பாட்டுத் தட்டளவுக்கு வளர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். தொட்டி போதாமல் ஊருணியில் விட்டால், நம் கண்மாய் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.