காந்தத் துகள் மருந்தைக் கட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமா? சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

மருத்துவத்தில் பயன்படும் நானோ காந்தத் துகள்களைப் பற்றி அஸ்தம்பட்டியில் பேசியபோது பலர் கேள்விகளை எழுதிக் கொடுத்தார்கள். அன்று நேரம் போதாததால் இங்கே பதில் எழுதுகிறேன். இந்தத் துகள்களைத் தயாரித்து அளப்பதுதான் என் வேலை. நான் மருத்துவர் இல்லை. சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

இளம்பிள்ளை, கல்லூரி மாணவர்: எங்கள் கஞ்சமலைக் கல்லில் காந்தம் ஒட்டுகிறது. ஊசியில் போடுவதும் அதே பொருள்தானா?

பொருள் அதேதான் தம்பி. கஞ்சமலையில் இருக்கும் இரும்புத்தாது மேக்னடைட்: மூன்று இரும்பு அணுவுக்கு நான்கு ஆக்சிஜன் அணு. ஆனால் கல்லை அரைத்து ஊசி மருந்து செய்வதில்லை. இரும்பின் இருவகை உப்புகளில் ஃபெரிக் இரண்டு பங்கு, ஃபெரஸ் ஒரு பங்கு என்று நீரில் கரைத்து, அம்மோனியா சேர்த்தால் கறுப்பாக வீழ்படிவு இறங்கும். ஒவ்வொரு துகளும் ஏறக்குறைய 10 நானோமீட்டர் இருக்கும். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிறியதாகும்போது ஒரு விசேஷம் நடக்கிறது. பக்கத்தில் காந்தம் இருக்கும்வரை துகள் வலுவாகக் காந்தமாகும். காந்தத்தை எடுத்துவிட்டால் அந்தக் குணம் போய்விடும். சாதாரண வெப்பமே அதன் காந்தத் திசையைக் கணத்துக்குக் கணம் புரட்டிவிடுவதுதான் காரணம். இதற்கு சூப்பர்பாராமேக்னடிசம் என்று பெயர். இந்தக் குணம் இல்லாவிட்டால் துகள்கள் ஒன்றையொன்று இழுத்து, திரண்டு, நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துவிடும். அதற்கு மேலும் டெக்ஸ்ட்ரான் போன்ற சர்க்கரைப் பொருளால் பூச்சு கொடுத்த பிறகுதான் உடலுக்குள் விடுவார்கள்.

ஏற்காடு அடிவாரத்தில் தெரியும் வெள்ளைக்கல்லையும் சிலர் கேட்டிருந்தீர்கள். அது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். காந்தம் அதில் ஒட்டாது.

அம்மாப்பேட்டை, செவிலியர்: எம்ஆர்ஐ-க்கு முன் நாங்கள் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி இதுதானா சார்?

பெரும்பாலும் இல்லைங்க. படத்தில் வேறுபாடு தெளிவாகத் தெரிவதற்காக நீங்கள் போடுவது கடோலினியம் என்ற உலோகத்தின் சேர்மமாக இருக்கும். ஆனால் இரும்புத் துகளும் இந்த வேலையைச் செய்தது, நன்றாகவே செய்தது. அமெரிக்காவில் ஃபெரிடெக்ஸ் என்ற மருந்துக்கு 1996-ல் அனுமதி கிடைத்தது. கல்லீரலில் குப்ஃபர் செல்கள் என்ற காவல் செல்கள் உண்டு. ரத்தத்தில் வரும் துகள்களை அவை விழுங்கிவிடும். துகள் இருக்கும் இடத்தில் சுற்றியுள்ள நீரின் சிக்னல் சீக்கிரம் மங்கிவிடுவதால் நல்ல கல்லீரல் கறுப்பாகத் தெரியும். புற்றுக்கட்டியில் பொதுவாகக் குப்ஃபர் செல்கள் இருக்காது என்பதால் கட்டி மட்டும் வெளிச்சமாக நிற்கும். உடலின் சொந்தப் பழக்கத்தையே படம் எடுக்கப் பயன்படுத்திய இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தமானது. போதிய விற்பனை இல்லாமல் பிற்பாடு அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள்.

அதன் உறவினர் ஒன்று இன்னும் இருக்கிறது: ஃபெருமாக்சிடால். 2009-ல் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு அங்கே அனுமதி பெற்றது. ஒரு டோஸில் 510 மில்லிகிராம் இரும்பு. கடோலினியம் கொடுக்கத் தயங்கும் சிறுநீரக நோயாளிகளுக்கு இதை வைத்துப் படமும் எடுக்கிறார்கள். ஒவ்வாமை ஆபத்து பற்றி 2015-ல் அதன் லேபிளில் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. உங்கள் வேலைக்கு உதவும் இன்னொன்று: இது போட்டவருக்கு மூன்று மாதம் வரை எம்ஆர்ஐ படம் மாறித் தெரியலாம். வெளிநாட்டில் சிகிச்சை எடுத்துத் திரும்பியவர் ஸ்கேனுக்கு வந்தால் இரும்பு ஊசி போட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சூரமங்கலம், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்: என் மனைவிக்குக் கீமோ நடக்கிறது. காந்தம் வைத்து மருந்தைக் கட்டிக்கு மட்டும் இழுக்கலாம் என்று வீடியோவில் பார்த்தோம். எங்கே போனால் கிடைக்கும்?

ஐயா, இன்று இதை வழக்கமான சிகிச்சையாகத் தரும் இடம் எதுவும் இல்லை. நடக்கும் கீமோவைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

வீடியோவில் சொல்வது முழுப் பொய் இல்லை. 1996-ல் ஜெர்மனியில் 14 நோயாளிகளிடம் எபிருபிசின் என்ற கீமோ மருந்தைக் காந்தத் துகளோடு சேர்த்துக் கொடுத்து முதன்முதலாகச் சோதித்தார்கள். அதன்பின் கல்லீரல் புற்றுக்கு டாக்ஸோருபிசின் என்ற இன்னொரு கீமோ மருந்தை வைத்து அமெரிக்க நிறுவனம் ஒன்று செய்த சோதனை 2004-ல் பாதியில் நின்றது.

சிக்கல் இயற்பியலில்தான் இருக்கிறது. காந்தத்தின் இழுவிசை தூரம் கூடக்கூட மளமளவென்று குறைந்துவிடும். ஆணியை ஒரு விரல்கடைத் தூரத்தில் இழுக்கும் காந்தம் ஒரு சாண் தள்ளினால் ஏறிட்டும் பார்க்காது. கட்டியோ உள்ளே, பல சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து வைக்கும் காந்தத்தின் விசை தோலருகேதான் அதிகம். உள்ளே ஓரிடத்தில் மட்டும் அதைக் குவிக்க முடியாது. துகளின் கனஅளவுக்கு ஏற்பத்தான் விசையும் என்பதால் சிறிய துகளை இழுப்பது கஷ்டம், பெரிய துகளோ குழாயை அடைக்கும். தமனியில் ரத்தம் வேகமாக ஓடுவது இன்னொரு தடை. இதையெல்லாம் தாண்டினாலும், மேலே சொன்ன குப்ஃபர் செல்கள் பெரும்பகுதியைக் கல்லீரலிலேயே பிடித்து வைத்துவிடும். ஆய்வகத்தில் எலிக்கு நடப்பது மனிதருக்கு நடக்காததற்கு உடல் அளவே முக்கியக் காரணம். எலியின் உடலில் எந்த இடமும் காந்தத்துக்குப் பக்கம்தான்.

யாராவது இதைப் பரிசோதனைச் சிகிச்சை என்று சொல்லிப் பணம் கேட்டால் சிடிஆர்ஐ என்ற இந்திய மருந்துச் சோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகள் அந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இணையத்தில் யாரும் பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் நெறிமுறைப்படி ஆய்வுக்கான செலவை நோயாளியிடம் வாங்கக் கூடாது. எண் தராதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஏற்காடு, காபித் தோட்ட மேற்பார்வையாளர்: துகளைச் சூடாக்கிப் புற்றைக் கொல்வது பற்றிச் சொன்னீர்களே, அதாவது நடக்கிறதா?

நடந்தது. மூளைக்கட்டிக்குள் துகளை நேரடியாக ஊசியால் செலுத்தி, நொடிக்கு ஒரு லட்சம் முறை திசைமாறும் காந்தப்புலத்தில் வைத்தால் துகள் சூடாகும். 2011-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில் மீண்டும் வந்த மூளைப்புற்று உள்ள 59 பேருக்குக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்தார்கள். கட்டி திரும்பியது தெரிந்ததிலிருந்து பாதிப்பேர் 13.4 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு வைக்காத ஆய்வு என்பதால் இதை முடிந்த முடிவாக எடுக்க முடியாது. இடைஞ்சல்களும் உண்டு. பல்லில் உலோகம் அடைத்திருந்தால் எடுக்க வேண்டும். உள்ளே தங்கும் இரும்பால் பிறகு அந்த இடத்தை எம்ஆர்ஐ-யில் பார்க்க முடியாது, சிடி ஸ்கேன்தான்.

ஆட்டையாம்பட்டி, சித்த மருந்துக் கடைக்காரர்: எங்கள் அயச்செந்தூரமும் நானோ இரும்புதானே?

அதிலும் இரும்பு ஆக்சைடு உண்டு. ஆனால் அது வாய்வழி மருந்து. ரத்தத்தில் போடும் துகளுக்கு அளவு, பூச்சு, கிருமியின்மை எல்லாம் தயாரிக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியே நிரூபிக்கப்பட வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதற்குச் சான்று சொல்ல முடியாது.

செவ்வாய்ப்பேட்டை, குடும்பத்தலைவி: காந்த வளையல் ரத்த ஓட்டத்தைக் கூட்டுமா?

கூட்டாதும்மா. ரத்தத்தில் இரும்பைக் கொண்டிருப்பது ஹீமோகுளோபின்தான். ஆனால் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் காந்தத்தை விட்டு மெல்ல விலகவே செய்யும். வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1936-லேயே அளந்து காட்டிவிட்டார்.

ஓமலூர், ப்ளஸ் டூ மாணவி: அப்படியானால் இதுவரை உருப்படியாக என்னதான் பயன்?

நல்ல கேள்வி கண்ணு. கொரோனா காலத்தில் ஆர்டி-பிசிஆர் எடுத்தோமே, பல ஆய்வகங்களில் சளி மாதிரியிலிருந்து வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ-வைப் பிரித்தது காந்த மணிகள்தான். சிலிக்கா பூசிய மணியில் ஆர்என்ஏ ஒட்டும், குழாயின் பக்கத்தில் காந்தம் வைத்ததும் மணிகள் ஓரம் சேரும், மற்றதைக் கழுவிவிடலாம். இங்கே காந்தம் சில மில்லிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது என்பதைக் கவனி. மார்பகப் புற்று அறுவையில் முதலில் சோதிக்க வேண்டிய நிணநீர் முடிச்சைக் கண்டுபிடிக்கவும் இரும்புத் துகள் திரவம் போடுகிறார்கள். துகளை மட்டுமே படமாக்கும் எம்பிஐ என்ற முறையை ஹாம்பர்க்கில் கிளைஷும் வைட்செனெக்கரும் 2005-ல் வெளியிட்டார்கள். மனிதத் தலை நுழையும் அளவுக்கு அந்தக் கருவி வளர்ந்திருக்கிறது. கல்லூரியில் இயற்பியலோ வேதியியலோ எதை எடுத்தாலும் இதற்குள் வரலாம். கறுப்பு வீழ்படிவு சோதனையை மட்டும் வீட்டில் செய்யாதே, அம்மோனியா நெடி ஆபத்து; ஆசிரியரை வைத்துக்கொண்டு பள்ளி ஆய்வகத்தில் செய்.