தாத்தாவின் தொப்பியில் கப்பல் பெயர் எங்கே?

கேள்வி: தாத்தா இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தவர். ‘ஹூட்’ கப்பல் மூழ்கியபோது தப்பி வந்தவர் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். கையில் இருப்பது ஒரே ஒரு போட்டோ. அதில் தொப்பிப் பட்டையில் ‘ஹெச்.எம்.எஸ்.’ என்று மட்டும் இருக்கிறது, கப்பல் பெயரைக் காணோம். போட்டோ போலியா?

பதில்: போட்டோவைச் சந்தேகப்படாதீர்கள். எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று மாலுமியின் தொப்பியைப் பார்த்தே எதிரியின் ஆள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக, போர்க்காலத்தில் பட்டையிலிருந்து கப்பல் பெயரை எடுத்துவிட்டு, பிரிட்டிஷ் போர்க்கப்பல் பெயர்களுக்கு முன்னால் பொதுவாக வரும் ‘ஹெச்.எம்.எஸ்.’ என்ற அந்த மூன்று எழுத்தை மட்டும்தான் விட்டுவைத்தார்கள். பெயர் இல்லாததே அது போர்க்காலப் போட்டோ என்பதற்கு நல்ல அடையாளம்.

ஆனால் கதை இடிக்கிறது. 1941 மே 24 அன்று ஜெர்மனியின் ‘பிஸ்மார்க்’ போர்க்கப்பல் சுட்டு ஹூட் வெடித்தபோது அதில் இருந்தவர்கள் 1,418 பேர். பிழைத்தவர்கள் மூன்றே பேர். அந்த மூவரின் பெயரும் எல்லோருக்கும் தெரிந்தது, உங்கள் தாத்தா அதில் இருக்கிறாரா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இல்லையென்றால் உடனே அவரைப் பொய்யர் ஆக்கிவிடாதீர்கள். முன்பு ஹூட்டில் வேலை பார்த்து, அந்தக் கடைசிப் பயணத்துக்கு முன்னால் வேறு கப்பலுக்கு மாற்றலாகியிருக்கலாம். அதையும் “ஹூட்டிலிருந்து தப்பிச்சேன்” என்றுதானே சொல்வார்? கேட்ட பிள்ளைகள் நடுவில் கடலையும் நீச்சலையும் சேர்த்திருப்பார்கள். இல்லை, கப்பல் பெயரே மாறியிருக்கலாம்: அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று மலாயா அருகே ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ இரண்டிலிருந்தும் சுமார் 2,000 பேர் மீட்கப்பட்டார்கள்.

என் பெரியப்பா டாங்கி ஓட்டினார் என்று சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். அவருடைய சம்பளப் புத்தகத்தில் இருந்தது லாரி டிரைவர். அவர் ஒருநாளும் டாங்கி என்று சொன்னதில்லை, சொன்னது அத்தைதான்!

சரி, போட்டோவின் பின்பக்கம் பென்சிலில் ஏதாவது எண் இருக்கிறதா? பிரிட்டிஷ் மாலுமியின் எண்ணில் முதல் எழுத்து தாய்த் துறைமுகத்தைக் குறிக்கும்: பி என்றால் போர்ட்ஸ்மவுத், சி என்றால் சாட்டம் (Chatham), டி என்றால் டெவன்போர்ட். எந்தெந்தக் கப்பலில் எப்போது இருந்தார் என்பது பணிப்பதிவேட்டில் இருக்கும், அதைத் தேட அந்த எண் உதவும்.

கேள்வி: சின்னத் தாத்தா ராணுவத்தில் இருந்தார். அவர் பெட்டியில் நட்சத்திர வடிவப் பதக்கம் இருக்கிறது, பெயர் இல்லை. யாரிடமாவது விலைக்கு வாங்கியதா?

பதில்: அவர் எந்தப் படை? பிரிட்டிஷ் படையினருக்கு இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரங்களைப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். இந்திய, ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்கப் படையினருக்குப் பெயர் பொறித்தார்கள், அப்படியென்றால் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். ரிப்பன் கருநீலமாக, நடுவில் அகலமான சிவப்புப் பட்டை, இரு பக்க நீலத்திலும் மெல்லிய ஆரஞ்சுக் கோடு இருந்தால் அது பர்மா போர்முனைக்காகக் கொடுத்த பர்மா ஸ்டார்.

கேள்வி: மாமா அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். பதிவேடு கேட்டோம், தீயில் எரிந்துவிட்டது என்று ஓர் ஏஜென்ட் சொல்லிவிட்டார். நம்பலாமா?

பதில்: தீ நிஜம். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவணக் கிடங்கில் பற்றிய தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. ஆனால் எரிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். உங்கள் மாமா கடற்படை என்பது உறுதியானால் ஏஜென்டை விட்டுவிட்டு நீங்களே மறுபடி விண்ணப்பியுங்கள்.