அது சாமியா, ஆளா?

கேள்வி: என் ஊர் காவேரிப்பட்டணம். மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் வேலை. லீவு கிடைத்தால் நடுகல், அதாவது சண்டையில் இறந்த வீரனுக்கு அந்தக் காலத்தில் நட்ட கல், தேடிக் கிளம்பிவிடுவேன். காதலித்துத் திருமணம் செய்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் நண்பர்களோடு அரூர் பக்கம் ஒரு நடுகல் பார்க்கப் போனபோது மனைவியும் வந்தாள். கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். “இது சாமி இல்லை, செத்துப்போன ஆள். படித்தும் இப்படியா?” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. வரலாறே தெரியாதவளோடு எப்படிக் காலம் தள்ளுவது?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய நாலு பக்கக் கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். வீரனின் ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாள், மார்பில் தைத்த அம்புகள், காலடியில் மாடு, மேலே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் ‘தொறு மீட்டுப் பட்டான்’, அதாவது மாட்டு மந்தையை மீட்டு இறந்தான் என்ற வரி. எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மனைவியைப் பற்றி இருப்பது ஒரே வரிதான்: ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண்.

அவர் செய்தது வரலாறு தெரியாமல் செய்த காரியம் இல்லை. தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலை சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. பெரும்படை என்றால் படையல். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடியது புறநானூற்றில் 232ஆம் பாட்டு. அவன் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சின்னக் கலத்தில் ஊற்றுகிறார்கள். மலையோடு சேர்த்து நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். அவன் ஆள்தான் என்பது ஔவையாருக்குத் தெரியாதா? அவன் கொடுத்த நெல்லிக்கனியைத் தின்றவர். எனக்கு இந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

உங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எத்தனையோ நடுகற்கள் இன்றைக்கும் வேடியப்பன் என்ற சாமிதானே? உங்கள் மனைவியின் பிறந்த வீட்டில் வேடியப்பனைக் கும்பிடுவார்களா என்று இந்த மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது கேட்டீர்களா?

எண்ணெயும் பெயின்ட்டும் கல்லில் உள்ள எழுத்தை மறைத்துவிடுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனால் கும்பிடுகிற கல்லில் கைவைக்க ஊரில் யாரும் துணிய மாட்டார்கள். கும்பிடாமல் விட்ட கல் எத்தனை ஊரில் துணி துவைக்கப் போயிருக்கிறது!

சரி, கல்லை விடுங்கள். நாலு விஷயம் தெரிந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவரைத் திருத்தச் சொல்லி வாய் துடிக்கும். கூட நண்பர்களும் நின்றால் கேட்கவே வேண்டாம். “படித்தும் இப்படியா” என்பதில் வீரனைப் பற்றி என்ன இருக்கிறது? அது அவரைச் சின்னதாக்கிச் சொன்ன சொல். மஞ்சள் ஒட்டிய விரலோடு அந்தப் பெண் அங்கே நின்ற நேரத்தை நினைத்தால் எனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது. காதலித்த நாட்களில் அவர் வீட்டு ஆட்டுக்குட்டியின் பெயர் வரை கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாம் தெரியும் என்று கேட்பதை நிறுத்திவிட்டீர்கள்.

முதலில் மன்னிப்புக் கேளுங்கள். “ஆனால்” போடாமல் கேளுங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் இல்லாமல் இரண்டு பேர் மட்டும் அதே கல்லுக்குப் போங்கள். கற்பூரம் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கும்பிட்டு முடிக்கும் வரை பேசாமல் நில்லுங்கள். என்ன வேண்டிக்கொண்டார் என்று கேளுங்கள், சொன்னால் கடைசி வரை கேளுங்கள். மஞ்சள் வைக்கும்போது எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அவரே கேட்பார். அப்போது படித்துக் காட்டுங்கள்.